கையெழுத்தும் வெடிமருந்தும்: ஆக்கிரமிப்பின்கீழ் நார்வே தேர்ந்த வழிகள்

ஆயுதத்தைத் தொடமாட்டேன் என்று சொல்பவரிடம் எக்காலத்திலும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: உன் கண்ணெதிரே உன் தங்கையை ஒருவன் தாக்கினால் என்ன செய்வாய்? பிரிட்டனில் 1916-இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, மனச்சான்றின் பேரில் விலக்குக் கோரி வந்த இளைஞர்களை விசாரித்த மன்றங்களும் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டன. நம் ஊர்த் தேநீர்க் கடையில் காந்தியா, நேதாஜியா என்று தொடங்கும் வாதமும் அரை மணி நேரத்தில் இதே தங்கையிடம்தான் வந்து நிற்கும். கேள்வியில் தவறில்லை. ஆனால் அது ஒரு நொடியையும், ஒரு குற்றவாளியையும், ஒரே ஒரு மாற்று வழியையும் மட்டுமே நம்முன் வைக்கிறது. மனிதர்கள் உண்மையாகவே முடிவெடுக்க வேண்டியிருந்த இடங்களில் காலம் ஆண்டுக்கணக்கில் நீண்டிருக்கிறது. வழிகள் பலவாக இருந்திருக்கின்றன. அவற்றுக்கு உயிரைக் கொடுத்தவர்கள் பல சமயம் அவ்வழியைத் தேர்ந்தவர்களாக இருந்ததில்லை.

அதனால் இந்த ஒப்பீட்டுக்கு இரண்டாம் உலகப் போர்க்கால நார்வேயை எடுத்துக்கொள்கிறேன். 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மானியப் படைகள் அங்கே இறங்கின. இரண்டு மாதம் போர் நடந்தது. ஜூன் 7 அன்று மன்னர் ஏழாம் ஹாகோனும் அமைச்சரவையும் கப்பலேறி லண்டன் சென்றனர். ஜூன் 10 அன்று எஞ்சிய படை சரணடைந்தது. அன்று முதல் 1945 மே 8 வரை, முப்பது லட்சம் மக்கள் வாழ்ந்த அந்நாட்டில், ஒரே எதிரியின்கீழ், ஒரு காகிதத்தில் கையெழுத்திட மறுப்பது முதல் ஆளைத் தேடிச் சென்று சுடுவது வரை எல்லா வழிகளும் முயன்று பார்க்கப்பட்டன. இந்திய விடுதலையை உதாரணம் காட்டினால், எதிரில் இருந்தது பிரிட்டன், ஹிட்லர் இல்லையே என்று ஒரு மறுமொழி தயாராக இருக்கும். நார்வேயில் எதிரில் இருந்தது ஹிட்லரேதான். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: நாஜிகள் நார்வேயினரைத் தங்கள் இனத்தோடு சேர்த்து எண்ணியவர்கள், போலந்தில் நடத்தியதுபோல் அங்கே நடத்தவில்லை. இந்தச் சலுகை யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதும் கீழே வரும்.

பள்ளிக்கூடத்தின் வழி

1942 பிப்ரவரி 1 அன்று விட்குன் குவிஸ்லிங்கை ஜெர்மானியர்கள் ஆட்சித் தலைவராக அமர்த்தினர். அவர் பெயர் பின்னாளில் பல ஐரோப்பிய மொழிகளில் துரோகி என்பதற்கே பொதுச்சொல் ஆகிவிட்டது. பதவியேற்ற நான்காம் நாள் அவர் இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தார். ஒன்று, எல்லா ஆசிரியர்களும் புதிய அரசுச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும் என்றது. மற்றொன்று, பத்து வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் அனைவரும் அவருடைய கட்சியின் இளைஞர் அமைப்பில் சேர வேண்டும் என்றது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றன: ஆசிரியரைப் பிடித்தால் பிள்ளையைப் பிடிக்கலாம், பிள்ளையைப் பிடித்தால் அடுத்த தலைமுறையைப் பிடிக்கலாம். ஒவ்வொரு தொழிலாரையும் இப்படி ஒரு சங்கத்துக்குள் கொண்டுவந்து, சங்கங்களின் மேல் தம் அரசைக் கட்டுவதே குவிஸ்லிங்கின் திட்டம்.

எதிர்ப்புக் குழுவினர் இரகசியமாக ஒரு சிறு வாசகத்தை ஊர் ஊராகக் கடத்தினர். அதில் வீரவசனம் எதுவும் இல்லை. இந்த இளைஞர் அமைப்பு வகுத்துள்ள முறையில் பிள்ளைகளை வளர்ப்பதில் பங்கேற்க என் மனச்சான்று இடந்தரவில்லை, ஆகவே என்னைச் சங்க உறுப்பினராகக் கருத முடியாது என்பதுதான் அதன் சாரம். ஒரே கடிதத்தில் ஆயிரம் பேர் ஒப்பமிட்டால் தலைவர் நால்வரைப் பிடித்து மற்றவர்களை மிரட்டிவிடலாம். எனவே ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியாக எழுதி, தம் பெயரையும் முகவரியையும் இட்டு, குறித்த ஒரே நாளில் அஞ்சலில் சேர்த்தார். நாட்டில் இருந்த ஏறத்தாழ 14,000 ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் எழுதினர். அரசு பதறிப்போய், எரிபொருள் தட்டுப்பாடு என்று காரணம் சொல்லிப் பள்ளிகளை ஒரு மாதம் மூடியது. அதுவரை நகரங்களுக்குள் மட்டும் பேசப்பட்ட செய்தி, பிள்ளைகள் வீட்டில் இருந்ததால் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. பெற்றோரும் எழுதத் தொடங்கினர். இரண்டு லட்சம் கடிதங்களுக்கு மேல் வந்தன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

மார்ச் 20 அன்று ஏறத்தாழ 1,100 ஆண் ஆசிரியர்கள் கைதாகினர். யோர்ஸ்டாட்மோன் முகாமில் அவர்களுக்கு உணவைக் குறைத்தார்கள்; கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டச் சொல்லிப் பனியிலும் சேற்றிலும் ஊர்ந்து போகவைத்தார்கள். அவர்களில் பலர் ஐம்பதைக் கடந்தவர்கள். ஒப்பமிட்டால் வீடு திரும்பலாம் என்று நாள்தோறும் கேட்கப்பட்டது. ஒப்பமிட்டவர்கள் மிகச் சிலரே. ஏப்ரலில் அவர்களில் ஏறத்தாழ 500 பேரை ரயிலில் டிரான்ட்ஹைம் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரு பழைய நீராவிக் கப்பலின் அடித்தட்டில் அடைத்து, ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு வடக்கே, அன்றைய பின்லாந்து எல்லையை ஒட்டிய கிர்க்கெனெஸ் துறைமுகத்துக்கு அனுப்பினர். ரயில் கடந்த நிலையங்களில் பிள்ளைகள் கூடி நின்று பாடினார்கள். கிர்க்கெனெஸில் ஆசிரியர்கள் சோவியத் போர்க்கைதிகளுக்கு அருகே கப்பல் சரக்கை இறக்கினர். வெளியே எஞ்சியிருந்தவர்களுக்குச் சம்பளம் நின்றது. அவர்கள் குடும்பங்களுக்கு இரகசிய வசூலிலிருந்து பணம் போயிற்று.

மே 22 அன்று குவிஸ்லிங் ஒஸ்லோவுக்கு அருகேயுள்ள ஸ்டாபெக் பள்ளிக்கு நேரில் போய் ஆசிரியர்களைப் பார்த்துக் கத்தினார்: நீங்கள் எனக்கு எல்லாவற்றையும் பாழாக்கிவிட்டீர்கள். அது உண்மையும்கூட. பள்ளிகள் திறந்தன, சங்கத்தில் சேராமலேயே ஆசிரியர்கள் பாடம் நடத்தினர். அவ்வாண்டு நவம்பருக்குள் கிர்க்கெனெஸ் போனவர்கள் வீடு திரும்பினர். சங்கங்களின் மேல் கட்டவிருந்த அரசு கட்டப்படவே இல்லை.

இதைப் படிக்கும்போது எனக்கு 1940 ஜூலையில் காந்தி பிரிட்டானியருக்கு எழுதிய வேண்டுகோள் நினைவுக்கு வரும். உங்கள் அழகிய தீவையும் கட்டடங்களையும் ஹிட்லர் எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் உங்கள் ஆன்மாவையும் மனத்தையும் கொடாதீர்கள், அவருக்கு விசுவாசம் காட்ட மறுத்துவிடுங்கள் என்று அதில் எழுதினார். பிரிட்டிஷ் அரசு மரியாதையாக மறுத்துவிட்டது. அக்கடிதம் இன்றும் வெகுளித்தனத்துக்கு உதாரணமாகக் காட்டப்படுகிறது. ஆனால் நார்வே ஆசிரியர்கள், அதைப் படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும், ஏறக்குறைய அதைத்தான் செய்தார்கள். கட்டடங்கள் ஏற்கெனவே போயிருந்தன. மனத்தை மட்டும் கொடுக்கவில்லை.

ஆனால் இந்த வெற்றி எதனால் கிடைத்தது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆசிரியர்கள் எதிரியின் மனத்தை மாற்றவில்லை. அவர்களில் பெரும்பாலோர் அகிம்சையாளர்களும் அல்லர். நேச நாட்டுப் படை நாளை வந்திறங்கினால் கைதட்டி வரவேற்றிருப்பார்கள். குவிஸ்லிங்குக்குத் தேவைப்பட்டது அவர்களுடைய ஒத்துழைப்பு. அது இல்லாமல் அவர் திட்டம் நடக்காது. ஆசிரியர் ஒருவரைச் சுட்டுவிடலாம். சுட்ட ஆசிரியரைக் கொண்டு பாடம் நடத்த முடியாது. மறுப்பு எங்கே வேலை செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோலை நான் அறியேன்: எதிரிக்கு வேண்டியது உன் கையிலிருந்து நீயே கொடுக்க வேண்டிய ஒன்றாக இருந்தால், கொடுக்காமல் இருப்பதே ஆயுதம்.

கனநீருக்கு யார் சம்மதமும் வேண்டியதில்லை

அதே நாட்டில், டெலிமார்க் பகுதியின் ரியூக்கான் பள்ளத்தாக்கில், வெமோர்க் என்னும் இடத்தில் ஒரு நீர்மின் ஆலை இருந்தது. அதன் மின்னாற்பகுப்புக் கலன்களில் கனநீர், அதாவது கனமான ஹைட்ரஜன் அணுக்களைக் கொண்ட நீர், உற்பத்தியாயிற்று. அணு உலை ஆராய்ச்சிக்கு ஜெர்மனிக்கு அது வேண்டியிருந்தது. இங்கே ஆசிரியர் வழி எப்படிச் செல்லும் என்று எண்ணிப் பாருங்கள். ஆலையின் தொழிலாளர்கள் அனைவரும் வேலையை நிறுத்தினால், ஜெர்மானியப் பொறியாளர்கள் வந்து வால்வைத் திருப்பிக்கொள்வார்கள். இயந்திரத்துக்கு மனச்சான்று கிடையாது. அதனிடம் கடிதம் கொடுக்க முடியாது. சோதனைச் சாலையில் இருந்த சிலர் இரகசியமாக எண்ணெய் கலந்து உற்பத்தியைத் தாமதப்படுத்தினார்கள் என்றாலும், நிறுத்தும் வலிமை அதற்கு இல்லை.

ஆனால் நாசவேலைக்கும் ஒரு கணக்கு உண்டு, அந்தக் கணக்கை மற்றவர்கள் தீர்க்க நேர்ந்தது. 1942 ஏப்ரலில் மேற்குக் கரையில் தேலவோக் என்னும் மீனவக் கிராமத்தில், இங்கிலாந்திலிருந்து வந்து ஒளிந்திருந்த இருவரைப் பிடிக்கப் போனபோது நாஜிகளின் இரகசியப் போலீஸான கெஸ்டபோவின் அதிகாரிகள் இருவர் சுடப்பட்டு இறந்தனர். சில நாளில் கிராமத்தின் வீடுகள் அனைத்தும் தரைமட்டமாக்கப்பட்டன. படகுகள் மூழ்கடிக்கப்பட்டன அல்லது பறிக்கப்பட்டன. ஆண்கள் 72 பேர் ஜெர்மனியின் ஸாக்ஸன்ஹவுசன் முகாமுக்குப் போனார்கள், 31 பேர் திரும்பவில்லை. பெண்களும் குழந்தைகளும் சிறையிடப்பட்டனர். இந்நிகழ்வோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் வேறோர் இடத்தில் காவலில் இருந்த 18 இளைஞர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்டோபரில் டிரான்ட்ஹைமில், சில நாசவேலைகளுக்குப் பரிகாரம் என்று சொல்லி, ஊரின் பெயர்பெற்ற பத்துப் பேரைச் சுட்டார்கள். தொடர்ந்த சில நாள்களில் கொல்லப்பட்டோர் தொகை 34 ஆயிற்று. இதனால்தான் உள்நாட்டு எதிர்ப்பின் தலைமை நெடுங்காலம் நாசவேலையில் தயங்கியது. பொறுமையிழந்த கம்யூனிஸ்டுக் குழுக்கள் தயங்கவில்லை. இந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று அன்றே சிலர் ஏசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓடிப்போகும் வீரன் தப்பிவிடுவான், ஓட முடியாத மீனவர் வீடு எரியும் என்று அறிந்தவரின் தயக்கம் அது.

வெமோர்க்கில் முதல் முயற்சி 1942 நவம்பரில் நடந்தது. பிரிட்டிஷ் பொறியியல் படையினரை ஏற்றிவந்த, இயந்திரம் இல்லாத இரண்டு கிளைடர் விமானங்கள் விபத்துக்குள்ளாகின. விழுந்து பிழைத்தவர்களை, சீருடையில் இருந்தபோதும், ஜெர்மானியர்கள் கொன்றனர். மொத்தம் 41 பேர் இறந்தனர். அடுத்த முயற்சிக்கு நார்வே இளைஞர்கள் பாராசூட்டில் இறக்கப்பட்டனர். முன்பே ஹார்டாங்கர் மேட்டுநிலத்தில் பனிக்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த நால்வரோடு அவர்கள் சேர்ந்தார்கள். தலைவர் யோவாகிம் ரொன்னபெர்க்கிற்கு வயது இருபத்துமூன்று. கனநீர் எதற்கு என்று அவருக்கே தெரியாது. ஹிரோஷிமாவுக்குப் பிறகுதான் புரிந்தது என்று பின்னாளில் சொன்னார்.

1943 பிப்ரவரி 27 இரவு ஒன்பது பேர் ஆலைக்குச் சென்றனர். காவல் இருந்த தொங்குபாலத்தின் வழியே போயிருந்தால் காவலர்களைச் சுட்டுத்தான் கடந்திருக்க வேண்டும். அவர்கள் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, உறைந்த ஆற்றைக் கடந்து, எதிர்ச்சுவரில் ஏறினார்கள். உள்ளே இரவுப் பணியில் ஒரு நார்வேக்காரர் இருந்தார். கலன்களில் வெடிமருந்தைக் கட்டி, திரியைக் கொளுத்தப் போகும் நேரத்தில் அவர், கொஞ்சம் பொறுங்கள், என் மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்றார். போர்க்காலத்தில் புதுக் கண்ணாடி கிடைப்பது கடினம். திரியைக் கொளுத்தத் தயாராக இருந்தவர்கள் நின்று, தேடி, கண்டெடுத்துக் கொடுத்தார்கள். பிறகு அவரை மாடிக்கு ஓடச் சொல்லிவிட்டுத் தீ வைத்தார்கள். பதினெட்டுக் கலன்களும் சிதைந்தன. ஏறத்தாழ 500 கிலோ கனநீர் சாக்கடையில் ஓடியது. ஒரு துப்பாக்கிக் குண்டுகூடச் சுடப்படவில்லை.

அவர்கள் பிரிட்டிஷ் சீருடை அணிந்திருந்ததையும், போகும்போது ஒரு பிரிட்டிஷ் இயந்திரத் துப்பாக்கியை வேண்டுமென்றே விட்டுச் சென்றதையும் போர்த் தந்திரமாகக் கருதுவோர் உண்டு. எனக்கு அது அறம் சார்ந்த செயலாகவே படுகிறது. இதைச் செய்தது வெளியிலிருந்து வந்த படை, ரியூக்கான் ஊரார் அல்லர் என்று எதிரிக்கு எழுதிக் கொடுத்ததற்குச் சமம் அது. சீருடை அவர்கள் உயிரைக் காக்காது என்பதைக் கிளைடரில் வந்தவர்களின் கதி காட்டியிருந்தது. ஊராரின் உயிரைக் காக்கக்கூடும். காத்தது. ரியூக்கானில் யாரும் பழிக்குச் சுடப்படவில்லை. ஆசிரியர்கள் பெயரையும் முகவரியையும் எழுதியதும், இவர்கள் துப்பாக்கியை விட்டுச் சென்றதும் ஒரே வேலையைத்தான் செய்தன: செய்தது யார் என்று காட்டி, அதன் பளுவைத் தம் தலைமேல் ஏற்றன.

ஆலை சில மாதத்தில் மீண்டும் இயங்கியது. 1943 நவம்பர் 16 அன்று நூற்றுக்கு மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. அடித்தளத்தில் இருந்த கனநீர்க் கலன்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை; ஊரில் இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தனர். தங்களைக் கேட்காமல் செய்ததாக லண்டனில் இருந்த நார்வே அரசு கண்டித்தது. பலத்தைப் பயன்படுத்தும் வழிகளில் இதுவே எல்லாக் கணக்கிலும் தோற்றது. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

டின் ஏரி

குண்டுவீச்சுக்குப் பின் ஜெர்மானியர்கள் எஞ்சிய கனநீரை ஜெர்மனிக்கு எடுத்துச் செல்ல முடிவுசெய்தனர். பீப்பாய்கள் ரயிலில் வந்து, டின் ஏரியைக் கடக்கும் படகில் ஏற வேண்டும். 'ஹைட்ரோ' என்ற அந்தப் படகு ரயில் பெட்டிகளோடு ஊர் மக்களையும் ஏற்றிச் செல்வது. ரயில் பாதையிலோ ஆலையிலோ தாக்குவதற்குக் காவல் இடந்தரவில்லை. வெமோர்க் தாக்குதலில் பங்கேற்றுத் தங்கிவிட்ட க்னூட் ஹவ்கெலிட்டும் உள்ளூரார் சிலரும் படகை மூழ்கடிப்பது ஒன்றே வழி என்று கண்டனர். பயணிகள் இறப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இது அவ்வளவு அவசியமா என்று வானொலியில் லண்டனைக் கேட்டார்கள். அவசியம், செய்யுங்கள் என்று பதில் வந்தது.

கூட்டம் குறைவாக இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமைப் படகைத் தேர்ந்தார்கள். முந்திய இரவு படகில் ஏறியபோது காவலாளி ஒருவர் எதிர்ப்பட்டார். கெஸ்டபோவிடமிருந்து ஒளிய இடம் தேடுகிறோம் என்றார்கள். அவர் கேள்வி கேட்காமல் அடித்தளத்துக்கு வழி விட்டார். எத்தனையோ பேரை அப்படிக் காப்பாற்றிய அதே சிறு மறுப்பு, அதிகாரிக்குச் சொல்லாமல் இருப்பது என்னும் மறுப்பு, அன்று வெடிமருந்து உள்ளே போகவும் கதவைத் திறந்தது. வன்முறை வழியும் அறவழியும் தனித்தனித் தெருக்கள் என்று எண்ணுபவர்கள் இந்தக் காவலாளியைக் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

அலாரம் கடிகாரத்தில் நேரம் குறித்த வெடி, 1944 பிப்ரவரி 20 காலை, ஏரி மிக ஆழமாக இருந்த இடத்தில் வெடித்தது. படகு சில நிமிடங்களில் மூழ்கியது. கரையோர விவசாயிகள் தோணிகளில் வந்து 29 பேரை மீட்டனர். 18 பேர் இறந்தனர். அவர்களில் 14 பேர் நார்வேயினர், ஜெர்மானியர் நால்வர். இத்திட்டத்தில் இருந்த ஒருவரின் தாய் அதே படகில் போகவிருந்தார் என்றும், உண்மையைச் சொல்ல முடியாததால் மகன் அவர் உணவில் பேதி மருந்தைக் கலந்து வீட்டிலேயே இருத்திவிட்டார் என்றும் பிற்கால வரலாறுகளில் வருகிறது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். ஆனால் அந்த மருந்து வீட்டில் ஒரு தட்டில் விழுந்தபோது, வேறு பதினான்கு வீடுகளில் விழவில்லை.

போர் தொடுக்குமுன் பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியாளரும் அரண் தேடிப் போய்விடுங்கள், எம் அம்பு வரப்போகிறது என்று அறிவித்த பாண்டியனைப் புறநானூற்றுப் பாட்டு ஒன்று போற்றுகிறது. முன்னறிவிப்பு என்பது வலிமையுள்ளவனுக்குக் கிடைக்கும் வசதி; இரகசியமே கவசமான கூட்டத்துக்கு அது இல்லை. டின் ஏரியில் ஒருவரை எச்சரித்திருந்தாலும் வேலை கெட்டிருக்கும். எனினும் எச்சரிக்க முடியாமை கொல்வதற்கு அனுமதி ஆகிவிடுமா என்பது வேறு கேள்வி.

இதற்கு ஆதரவாகச் சொல்வதெல்லாம் அணுகுண்டைச் சுற்றியே நிற்கிறது: ஹிட்லர் கையில் அது கிடைத்திருந்தால்? அன்று ஹவ்கெலிட்டுக்கும் லண்டனுக்கும் அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் ஜெர்மனியின் அணு முயற்சி 1942-இலேயே பெருந்திட்டமாக எடுத்துச் செல்லப்படாமல் சுருங்கிவிட்டது என்பதும், போர் முடியும் தறுவாயில் ஜெர்மனியின் ஹைகர்லோஹ் ஊரின் குகையில் கட்டிய உலைகூடத் தானாகத் தொடரும் அணுப்பிளவை எட்டவில்லை என்பதும் பிறகு தெரிந்தன. கனநீர் போய்ச் சேர்ந்திருந்தால் அந்த உலை ஓடியிருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. உலையிலிருந்து குண்டுக்கு அப்போது நெடுந்தூரம் இருந்தது. ஆக, அன்றைய அறிவைக் கொண்டு பார்த்தால் முடிவைப் புரிந்துகொள்ளலாம். இன்றைய அறிவைக் கொண்டு பார்த்தால் பதினெட்டு உயிர்கள் ஏறக்குறைய ஓர் ஊகத்துக்குப் போயின. ஆசிரியர்களின் கணக்குத் தவறாகப் போயிருந்தால், அவர்கள் சங்கத்தில் சேர்ந்து வீடு திரும்பியிருக்கலாம். படகைத் திரும்ப எடுக்க முடியாது. இரு வழிகளுக்கும் இடையே நான் காணும் பெரிய வேறுபாடு, ஒன்றில் இரத்தம் உண்டு, மற்றொன்றில் இல்லை என்பதைவிட இதுதான்.

மறுக்க வேண்டியவர் மறுக்காதபோது

இதுவரை சொன்னதைக் கேட்டு, ஒத்துழையாமையே போதும் என்று யாரும் முடிவுசெய்துவிடக் கூடாது. 1942 நவம்பர் 26 அன்று ஒஸ்லோவிலிருந்து 'டோனாவ்' என்ற கப்பல் 532 யூதர்களை ஏற்றிப் புறப்பட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் மரண முகாமில் இறந்தனர். போர்க்காலத்தில் நார்வேயிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட 770-க்கும் மேற்பட்ட யூதர்களில் உயிரோடு திரும்பியவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. ஆயர்கள் நவம்பரில் குவிஸ்லிங்குக்கு வன்மையான கண்டனக் கடிதம் எழுதினார்கள். ஆசிரியர் கடிதம் வென்ற அதே ஆண்டில் அந்தக் கடிதம் ஒன்றும் செய்யவில்லை.

காரணம் கடிதத்தில் இல்லை. யூதர்களிடமிருந்து ஆட்சிக்கு எந்த ஒத்துழைப்பும் தேவைப்படவில்லை; அவர்கள் மறுத்தாலும் ஏற்றாலும் ஒன்றே. ஒத்துழைப்புத் தேவைப்பட்டது வேறோரிடத்தில். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் கைதுசெய்தவர்கள் பெரும்பாலும் நார்வே போலீஸார். கைதானவர்களை ஏற்றிச் செல்ல நகரின் டாக்சிகள் நூறு வரை எடுக்கப்பட்டன. ஆசிரியர் அறைகளில் நிகழ்ந்தது போலீஸ் நிலையங்களில் நிகழ்ந்திருந்தால் அந்த இரவு வேறாக இருந்திருக்கும் என்று நம்ப இடமுண்டு. நிகழவில்லை. ஆசிரியருக்குச் சங்கமும், சக ஆசிரியரும், பெற்றோரும் இருந்தார்கள்; மறுத்த போலீஸ்காரருக்கு அப்படி ஒரு வலை பின்னப்பட்டிருக்கவில்லை. பிரதமர் யென்ஸ் ஸ்டோல்டன்பெர்க் 2012 ஜனவரியில் அந்தக் கைதுகளுக்கு மன்னிப்புக் கேட்டார்.

நார்வேயின் யூதர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பிழைத்தது மூன்றாவதொரு வழியில்: இரவில் லாரியில் மரக்கட்டைகளுக்கு அடியிலும், காட்டு வழியில் நடந்தும், ஸ்வீடன் எல்லைக்குக் கடத்தப்பட்டார்கள். இதில் எதிரியைக் கொல்லவும் இல்லை, எதிரியிடம் முறையிடவும் இல்லை. அகிம்சையா, ஆயுதமா என்ற வாதத்தில் இந்த மூன்றாம் வழி பெரும்பாலும் விடுபட்டுப்போகும். படத்தில் அழகாக இருக்காது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எதிர்மூலையில் இன்னொன்று உண்டு. எதிர்ப்பியக்கம் காட்டிக்கொடுப்போரென்று கருதிய ஏறத்தாழ எண்பது பேரைப் போர்க்காலத்தில் கொன்றது. ஒரு காட்டிக்கொடுப்பவனால் ஒரு முழு வலையும் அறுந்துபோகும் என்பதால் அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அங்கே நீதிபதியும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. கொலையிற் கொடியாரைத் தண்டிப்பது பயிருக்குக் களையெடுப்பதற்கு ஒப்பானது என்று வள்ளுவர் சொல்வது செங்கோன்மை அதிகாரத்தில். அங்கே தண்டிப்பவன் முறைசெய்யும் வேந்தன். தன்னுயிர் போவதானாலும் பிறிதோர் உயிரைப் போக்கும் செயலைச் செய்யாதே என்று அவரே சொல்வது கொல்லாமை அதிகாரத்தில். அங்கே நிற்பவன் துறவி. வேந்தன் நாடு கடந்து லண்டனில் இருக்க, துறவியாகவும் இல்லாத சாதாரண மனிதன் ஒஸ்லோத் தெருவில் கைத்துப்பாக்கியோடு நின்றான். அவனுக்கென்று ஓர் அதிகாரம் இல்லை.

எதைத் தேர்வது

இந்த வழிகளை வரிசைப்படுத்தச் சொன்னால் என் முடிவு இது. எதிரிக்குத் தேவையானது என் ஒத்துழைப்பாக இருக்கும் இடமெல்லாம் ஆசிரியர் வழியே முதலாவது. அது நல்லது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, அவ்விடங்களில் அதுவே வலியதும்கூட. வயதானவரும் பெண்களும் நோயாளிகளும் அதில் சேரலாம். ஆயுத வழியில் பெரும்பாலும் இளைஞர்கள்தான் சேர முடியும். ஆசிரியர் வழியின் குறையையும் மறைக்க வேண்டியதில்லை: மூன்றரை லட்சம் ஜெர்மானியப் படையினர் கடைசி நாள் வரை நார்வேயில் இருந்தனர், நாடு விடுபட்டது வேறிடங்களில் லட்சக்கணக்கானோர் போரிட்டு மடிந்ததால். ஆசிரியர்கள் நாட்டைக் காத்தார்கள். மீட்டவர்கள் அவர்கள் அல்லர்.

எதிரிக்கு என் ஒத்துழைப்புத் தேவைப்படாத இடத்தில், உயிருக்குத் தப்பியோடுபவரை ஒளித்துக் கடத்துவது அடுத்தது. அதன்பின் வெமோர்க். அந்த இரவை நான் தயக்கமின்றி ஏற்பேன், முழு அகிம்சையாளர்கள் என்னோடு உடன்படமாட்டார்கள் என்று தெரிந்தே. அவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது. காவலன் ஒருவன் திரும்பியிருந்தால் சுட்டிருப்பார்கள். சுடாமல் போனதில் நல்லூழுக்கும் பங்குண்டு. ஆயினும் அவர்கள் செய்த ஒவ்வொரு தேர்விலும், பாலத்தை விட்டுப் பள்ளத்தில் இறங்கியது முதல் சீருடை வரை, ஆபத்தைப் பிறர் மேலிருந்து தம் மேல் இழுத்துக்கொள்ளும் முயற்சி தெரிகிறது. அந்த முயற்சி இருக்கும் வரை பலப்பிரயோகத்தோடு நான் வாதிடலாம், பேச்சுவார்த்தை முறியாது.

டின் ஏரியை எந்த இடத்தில் வைப்பது என்று என்னால் சொல்ல முடிந்ததில்லை. அதைச் செய்தவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல வாய் வரவில்லை. அதை ஒருவருக்குப் பரிந்துரைக்கவும் வாய் வரவில்லை. லண்டனிலிருந்து வந்த பதில் சில சொற்களில் முடிந்தது. அதை அனுப்பியவர்களில் எவரும் அந்த ஞாயிற்றுக்கிழமை படகில் போக வேண்டியிருக்கவில்லை. படகு இன்னும் ஏறத்தாழ 430 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அங்கிருந்து ஒரு பீப்பாயை மேலே எடுத்துச் சோதித்தார்கள். உள்ளே இருந்தது கனநீர்தான்.